‘ஃபயரி’க்குத் தமிழில் ஒரு சொல் வேண்டுமாம்

2 மார்ச் 2024, மாலை. வாசகர் கேள்வி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். என் தமிழ் அரைகுறை, மன்னிக்கவும். எங்கள் மாமா மசாலா அரைத்து ஜாடியில் அடைத்து விற்கிறார். லேபிளில் ஆங்கிலத்தில் ‘ஃபயரி மசாலா’ என்று பெரிதாக இருக்கிறது. அதன் கீழே தமிழிலும் போட வேண்டும் என்கிறார். ‘நெருப்பு மசாலா’ சரியா? இடம் கொஞ்சம்தான். ஒரே சொல்லாகச் சொல்லுங்கள்.

2 மார்ச், இரவு 9.40

போடாதே தம்பி. நெருப்பு மசாலா என்றால் ஏதோ சினிமாப் படம் என்று நினைப்பார்கள். ‘காரம்’ என்று போடு. மிளகாயை நெருப்பு என்பதெல்லாம் ஆங்கிலத்தில் வியாபாரத்துக்காகச் சொல்கிற வெறும் மிகை. அதை நாம் தமிழில் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

2 மார்ச், இரவு 11.05

தூக்கம் வரவில்லை. மேலே அவசரப்பட்டுவிட்டேன்.

காரம் என்பது ‘ஹாட்’டுக்குச் சரி. மாமா ‘ஹாட்’ என்று போடவில்லையே. இரண்டுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. அது எனக்கு முதலில் தெரியவந்தது டர்பனுக்கு வந்த முதல் வாரத்தில். கிரே தெருப் பக்கம் (பெயரை டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் இன்னும் பாதிப் பேர் கிரே தெரு என்றுதான் சொல்கிறார்கள்) ஒரு கடையில் மட்டன் ‘பன்னி’ (‘பன்னி சௌ’ என்கிற இந்த ஊர் ரொட்டிக் கறி) கேட்டேன். கல்லாவில் இருந்த அக்கா ஆங்கிலத்தில் ‘ஹாட்டா?’ என்றார். ஆறிப்போனதைக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்து, ‘நல்லா ஹாட்டாக’ என்றேன்.

வந்தது கால் ரொட்டி. நடுவில் குடைந்து, உள்ளே கறியையும் உருளைக்கிழங்கையும் குழம்போடு நிரப்பி, குடைந்தெடுத்த ரொட்டித் துண்டை மேலே மூடி மாதிரி வைத்திருந்தார்கள். அந்தத் துண்டைக் குழம்பில் தொட்டு வாயில் வைத்தேன். காது அடைத்துவிட்டது. பக்கத்தில் கேரட் துருவல் இருந்தது, அதை அள்ளிப் போட்டேன். அதிலும் பச்சை மிளகாய். அக்கா சிரிக்கவில்லை, ‘நீங்கள்தானே கேட்டீர்கள்’ என்று ஒரு பார்வை.

‘ஹாட்’ வாயால் கேட்கிற சொல், அளவு கேட்கிறது. ‘எவ்வளவு ஃபயரியாக வேண்டும்?’ என்று எந்தக் கடையிலும் என்னைக் கேட்டதில்லை. அது போர்டில், மெனுவில், லேபிளில், பத்திரிகையில்தான் வரும். எழுதுகிறவன் சொல். நாளை இன்னும் யோசிக்கிறேன்.

3 மார்ச், காலை

விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மசாலாக் குவியல்களுக்கு வைத்திருக்கும் பெயர்களை ஒருவர் நினைவூட்டினார். மாமியாரை ஒழித்துக்கட்டும் மசாலா என்றே ஒன்று உண்டு, வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் அதன் முன் நின்று படம் எடுப்பார்கள். மாமியார் முன்னால் வாங்க முடியாது என்பதைத் தவிர அந்தப் பெயரில் குறை எதுவும் இல்லை. ‘ஃபயரி’யை விடத் தெளிவாக இருக்கிறது.

3 மார்ச், மதியம்

தம்பி, லேபிள் அச்சுக்குப் போகும் முன் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பார்த்துவிடு. நீ அனுப்பிய படத்தில் ‘ஃபயர்’ என்று எழுதிக் கடைசியில் ஒரு ஒய் ஒட்டியிருக்கிறது. அது தப்பு. எஃப், ஐ, ஈ, ஆர், ஒய். ‘ஃபயர்’ சொல்லில் எஃப்.ஐ.ஆர். இருக்கும், ‘ஃபயரி’யில் இருக்காது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் மறப்பதில்லை.

ஏன் இப்படி என்றால், இடைக்கால ஆங்கிலத்தில் நெருப்பையே எஃப், ஐ, ஈ, ஆர் என்றும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1600 வாக்கில் இன்றைய எழுத்துக்கூட்டல் முழுதாக நிலைத்துவிட்டது. பெயர்ச்சொல் புதுச் சட்டை மாற்றிக்கொண்டது, பெயரடை பழைய சட்டையிலேயே இருந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஒரு நண்பர் சொல்கிறார், நீ எழுதியது மாதிரி எழுதினால் அங்கே தீயணைப்பு வீரரைச் செல்லமாகக் கூப்பிடுவதாம். உங்கள் ஜாடிக்குள் தீயணைப்பு வீரர் இருந்தால் நல்லதுதான்.

3 மார்ச், இரவு

‘தீ’யிலிருந்து நேராக ஒரு பெயரடை செய்துகொள்ளலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெருமை, பெரிய. சிறுமை, சிறிய. அப்படியானால் தீ, தீய.

ஐயா, ‘தீய மசாலா’ என்று போட்டால் மாமாவைத் தமிழ் தெரிந்தவர்கள் அடிக்க வருவார்கள்.

ஆனால் கேள்வி நன்றாக இருக்கிறது. உருவத்தில் பார்த்தால் ‘ஃபயரி’க்கு நேரான இடத்தில் தமிழில் உட்கார்ந்திருக்கும் சொல் ‘தீய’தான், அதன் பொருள் கெட்டது. வள்ளுவர் இதை வைத்துத்தான் விளையாடினார். ‘தீயவை தீய பயத்தலால் தீயவை தீயினும் அஞ்சப் படும்.’ 202-ஆம் குறள். தீயை விடத் தீயதுக்குப் பயப்படு என்கிறார். ஏழு சொல்லில் நான்கு ‘தீ’. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் அந்த விளையாட்டு போய்விடும். அந்த இருக்கையில் ஏற்கனவே ஆள் இருக்கிறது, ‘ஃபயரி’க்கு வேறு இடம்தான் தேட வேண்டும்.

5 மார்ச், இரவு

இன்று ஒரு வேட்டை. எங்கள் தெருவில் ஒரு ஆயா இருக்கிறார், எழுபத்தெட்டு வயது. சிறுவயதில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மாலையில் தமிழ்ப் பள்ளிக்குப் போய்ப் படித்தவர். பிற்பாடு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டார். இந்த வட்டாரத்தில் தமிழைச் சரளமாக வாசிக்கிற இரண்டு மூன்று பேரில் அவர் ஒருவர், அதற்குக் காரணம் அந்தத் தடித்த கறுப்பு அட்டை வேதாகமம். அவரிடம் ஆங்கிலப் பைபிளும் இருக்கிறது, கிங் ஜேம்ஸ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ஃபயரி’ வருகிற இடங்களைத் தேடினோம். டீ ஆறிப்போனது.

தானியேலில் மூன்று பேரைத் தூக்கிப் போடுகிற சூளை. ஆங்கிலத்தில் ‘ஃபயரி’ சூளை. தமிழில் ‘எரிகிற அக்கினிச்சூளை’. ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் எரிகிற என்று தனியாக ஒரு சொல் இருப்பதால் இது நேர் கணக்கு.

எபேசியரில் பொல்லாங்கன் எய்யும் ‘ஃபயரி’ அம்புகள். தமிழில் ‘அக்கினியாஸ்திரங்கள்’. அதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் எவனுக்கும் அந்தச் சொல் தெரியும். மொழிபெயர்த்தவருக்கும் தெரிந்திருக்கிறது.

உபாகமத்தில் ‘ஃபயரி’ சட்டம். தமிழில் ‘அக்கினிமயமான பிரமாணம்’.

எண்ணாகமத்தில் பாம்புகள். ஆங்கிலத்தில் ‘ஃபயரி’ பாம்புகள். தமிழில்? ‘கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள்’!

கொள்ளிவாய். நான் கோவில்பட்டிக்காரன். கண்மாய்க் கரையில் ராத்திரி தனியாகப் போனால் கொள்ளிவாய்ப் பிசாசு வரும் என்று சொல்லி வளர்த்தார்கள். அந்தப் பிசாசின் வாயைப் பிடுங்கிப் பாம்புக்கு வைத்துவிட்டார் மொழிபெயர்ப்பாளர். பாம்பின் நிறம் தீயா, கடித்தால் தீ மாதிரி எரிகிறதா என்று ஆங்கிலம் பட்டும் படாமல் விட்டுவிடுகிறது. தமிழுக்கு அப்படி விட முடியவில்லை, நெருப்பை எங்கே வைப்பது என்று கேட்டு, வாயில் வைத்துவிட்டது.

ஆங்கிலத்துக்கு ஒரே சொல், நான்கு பொருளுக்கும் அதையே மாட்டிவிடுகிறது. தமிழில் முதலில் பொருளைப் பார்க்கிறோம், பிறகு அதற்கு எந்த நெருப்பு என்று பார்க்கிறோம். தணல் உண்டு, கனல் உண்டு, அனல் உண்டு, பொறி உண்டு, கொள்ளி உண்டு. காற்றுக்கு அனல்தான், கனல் காற்று என்று யாரும் சொல்வதில்லை. கண்ணுக்குக் கனல். மேடைப் பேச்சுக்கு அனலும் பறக்கும், பொறியும் பறக்கும். கொள்ளியைப் பேச்சுக்குச் சொன்னால் சண்டை மூட்டுகிறவன் என்று ஆகிவிடும், ‘கொள்ளி வைக்கிறான்’ என்போம்.

6 மார்ச்

ஆயா கூப்பிட்டார். நேற்று நான் நான்கு என்று எழுதியது தப்பாம், ஐந்தாவது ஒன்று இருக்கிறதாம். பேதுருவின் முதல் நிருபம், நான்காம் அதிகாரம். ஆங்கிலத்தில் ‘ஃபயரி’ சோதனை. தமிழில் ‘உங்கள் நடுவில் பற்றியெரிகிற அக்கினி’. பெயரடை கரைந்து வாக்கியமாகவே ஆகிவிட்டது. ‘நீ வாத்தியார்தானே, இதைத் தவறவிடலாமா’ என்றார். போனை வைத்துவிட்டேன்.

8 மார்ச்

மனிதருக்கு வருவோம். இங்கேதான் பெரிய குழி.

என் வகுப்பில் ஒரு பெண், பதினைந்து வயது, தன் பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். ஆங்கிலத்தில் யோசித்திருக்கிறாள். பாட்டி ‘ஃபயரி’யான ஆள், எதற்கும் சத்தம் போடுவார். தமிழில் ‘என் பாட்டி நெருப்பு மாதிரி’ என்று எழுதிவிட்டாள். நான் வாசித்தபோது எனக்கு வந்த பாட்டியே வேறு. அவர் நெருப்பு என்றால் நம் ஊரில் என்ன பொருள்? பத்து பைசா கைநீட்டி வாங்காதவர், பக்கத்தில் தப்பு நெருங்க முடியாதவர். நேர்மைக்கும் ஒழுக்கத்துக்கும் சொல்கிற சொல். கோபத்துக்குச் சொல்வதென்றால் முன்கோபி, மூக்கு மேல் கோபம், சுள்ளென்று விழுவார், எரிந்து விழுவார். பிள்ளையிடம் கேட்டபோது, பாட்டி நேர்மையும்தான் என்றாள். சரி, மதிப்பெண் குறைக்கவில்லை.

ஆங்கிலத்தில் ஒருவரை ‘ஃபயரி’ என்றால் பாதி பாராட்டு, பாதி எச்சரிக்கை. கோபம் இருக்கும், ஆனால் அதில் உயிர் இருக்கும். தம்பி நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸில் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்து, திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர். காந்தி தென்னாப்பிரிக்கப் போராட்டத்தைப் பற்றி எழுதும்போது அவருடைய துணிவையும் முன்கோபத்தையும் சேர்த்தே சொல்கிறார். அந்த இரண்டையும் ஒரு சொல்லில் கட்டச் சொன்னால் ஆங்கிலத்தில் ‘ஃபயரி’ என்று கட்டிவிடலாம். தமிழில் நான் இரண்டு சொல் போட்டுத்தான் கட்டுவேன்.

9 மார்ச்

‘தீப்பொறி’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம், தீப்பொறி ஆறுமுகம். மேடைப் பேச்சாளருக்கு அது சரியான பட்டம், முன்கோபம் என்ற பொருள் அதில் இல்லை.

9 மார்ச், மாலை

கிரிக்கெட்டை விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் ஃப்ரெட் ட்ரூமனை ‘ஃபயரி ஃப்ரெட்’ என்றார்கள், டெஸ்டில் முதன்முதலில் 300 விக்கெட்டைத் தொட்டவர், 1964-இல். அதே யார்க்‌ஷயரின் பாய்காட்டுக்கும் ‘ஃபயரி’ என்று பெயர் உண்டு. நாள் முழுக்க நின்று கட்டை போடுகிறவருக்கு! அது கிண்டல். நம்மூரில் குண்டாக இருப்பவனை ஒல்லிப்பிச்சான் என்று கூப்பிடுவது மாதிரி. தமிழ் வர்ணனையில் வேகப்பந்துக்கு ‘அனல் பறக்கும்’ போதும். அடுத்தது.

14 மார்ச், இரவு

இதை எழுதத்தான் ஐந்து நாளாகக் காத்திருந்தேன்.

ஆயா வீட்டுக்கு இன்னொரு முறை போனேன் (டீ இந்த முறை சூடாகக் குடித்தேன்). அவருடைய அண்ணன் வந்திருந்தார். டண்டீ பக்கம் கரிச்சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நேட்டாலின் வட மூலையில் டண்டீ, நியூகாசில் எல்லாம் நிலக்கரி ஊர்கள். கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களில் கொஞ்சம் பேர் அங்கேயும் போனார்கள். 1913 அக்டோபரில் நியூகாசில் சுரங்கக்காரர்கள் வேலையை நிறுத்தியது, ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்கள்மேல் போட்ட 3 பவுண்டு வரியை எதிர்த்து. அவர்களிடம் போய்ப் பேசி வெளியே வரச் சொன்னது டிரான்ஸ்வாலிலிருந்து போன பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். இந்த அண்ணன் தாத்தாவின் அப்பாவும் அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்தானாம், அதற்கு மேல் அவருக்குக் கதை தெரியவில்லை.

நான் ‘ஃபயரி’ பற்றி ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். தாத்தா நடுவில், ‘எங்கள் மைனும் ஃபயரிதான்’ என்றார். தீப்பிடித்ததா என்று கேட்டேன். ‘இல்லை. பிடிக்கும்.’

சுரங்கத் தொழிலில் ‘ஃபயரி’ என்றால் கரியிலிருந்து மீத்தேன் கசிகிற சுரங்கம். உள்ளே நெருப்பே கிடையாது. வெளிச்சமும் கிடையாது, நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. காற்றில் அந்த வாயு நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து வரை சேர்ந்தால் ஒரு பொறி போதும். அதற்காகத்தான் 1815-இல் டேவி என்ற விஞ்ஞானி கம்பி வலை போட்ட விளக்கைச் செய்தார். தாத்தா கையை வைத்துக் காட்டினார்: திரியை இப்படிக் குறைக்க வேண்டும், சுடர் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிறுத்ததும் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மெதுவாக உத்திரம் பக்கம் உயர்த்த வேண்டும், வாயு லேசானது, மேலேதான் தங்கும். மஞ்சள் சுடருக்கு மேல் மங்கலாக நீலத் தொப்பி ஒன்று வந்தால் வாயு இருக்கிறது. தொப்பி எவ்வளவு உயரம் என்பதை வைத்து எவ்வளவு வாயு என்று சொல்வார்கள். சொல்லும்போது அவர் கண்ணை இடுக்கிக்கொண்டார், இப்போதும் அந்த நீலம் தெரிகிற மாதிரி. ‘அதைப் பார்த்தால் ஓடக் கூடாது. விளக்கை மெதுவாக இறக்க வேண்டும். ஓடினால் காற்று கலங்கும்.’

நான் இத்தனை நாள் இந்தச் சொல்லை ஆரவாரமான சொல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சுரங்கக்காரர் வாயில் அது மெதுவாகப் பேச வைக்கிற சொல்.

14 மார்ச், நள்ளிரவு

இன்னொன்று. பஸ்ஸில் வரும்போது தோன்றி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

எங்கள் கண்மாய்க் கரைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்ன? சேற்றில் இலை தழை அழுகிக் கிளம்புகிற சதுப்பு வாயு பற்றி எரிவது என்று பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் சொன்னார். சதுப்பு வாயு என்றால் மீத்தேன். சுரங்கத்திலும் மீத்தேன். அப்படியானால் ‘ஃபயரி மைன்’ தமிழில் கொள்ளிவாய்ச் சுரங்கம்! பாம்புக்கு வைத்த வாய் சுரங்கத்துக்கு அதைவிடப் பொருந்துகிறது. சுரங்கத்துக்கும் வாய் என்றுதானே சொல்கிறோம்.

கலைச்சொல் அகராதிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

15 மார்ச்

பொறியாளர் ஒருவர், ‘தீவாயுச் சுரங்கம் என்றால் போதாதா, பிசாசு எதற்கு’ என்கிறார். போதும். ஆனால் பயம் வராது.

20 மார்ச்

நேற்று ராத்திரி கூட்டம் முடிந்து கோவில் பின்பக்கம் மரங்களுக்கிடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பறவை, நடுங்குகிற குரலில் சீட்டி அடித்தது. ‘ஆண்டவரே எங்களை விடுவியும்’ என்று ஆங்கிலத்தில் ஜெபம் சொல்கிற மாதிரி இருக்கும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். பெயர் ‘ஃபயரி’ கழுத்துப் பக்கி. பக்கி என்றால் நம்மூர் மண் தரையில் அசையாமல் கிடக்கிற அதே இராப்பறவைச் சாதிதான்.

பறவைப் புத்தகத்தில் படம் பார்த்தேன். நெருப்பு எங்கே? கழுத்தைச் சுற்றித் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் ஒரு பட்டை. அவ்வளவுதான். உடம்பெல்லாம் காய்ந்த சருகு, பகலில் இலைமேல் உட்கார்ந்தால் மிதித்துவிடுவோம். இதற்குப் போய் ‘ஃபயரி’யா என்று நினைத்தேன். பிறகு ஒரு யோசனை: நீறுபூத்த தணலும் இந்த நிறம்தானே. தணற்கழுத்துப் பக்கி. கொழுந்து விட்டு எரிகிற நெருப்பைத்தான் நான் இவ்வளவு நாளும் மனதில் வைத்திருக்கிறேன் போல.

ஆபீஸில் ஆஃப்ரிகான்ஸ் பேசுகிற நண்பரிடம் கேட்டேன், அவர்கள் மொழியில் ‘ஃபூரிஹ்’ என்பார்களாம், நெருப்புக்கு ‘ஃபூர்’. குதிரைக்கும் சொல்வார்கள், காதலுக்கும் சொல்வார்கள். மசாலாவுக்கு? ‘அதற்கு நாங்கள் இந்தியன் என்போம்’ என்றார்.

24 மார்ச்

2-ஆம் தேதி முதல் பதிவில் ‘வெறும் மிகை’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மருத்துவம் படிக்கிற ஒரு தங்கை நேரடியாகவே திட்டி எழுதியிருந்தாள்.

விஷயம் இதுதான். மிளகாயில் இருக்கிற கேப்சைசின் நாக்கு நரம்பில் ஒரு வாசலைத் திறக்கிறது. அந்த வாசலுக்கு டிஆர்பிவி1 என்று பெயர், 1997-இல் கண்டுபிடித்தார்கள், அதைக் கண்டுபிடித்த குழுவின் டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. அதே வாசல் ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டாலும் திறக்கும். திறந்தது கொதிநீரா மிளகாயா என்று மூளைக்குத் தெரியாது. ‘சுடுகிறது’ என்ற ஒரே தகவல்தான் போகிறது. புதினா குளிர்வதும் இப்படித்தான், அது வேறு வாசல்.

ஆகவே ‘ஹாட்டா?’ என்று அந்த அக்கா கேட்டபோது நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொன்னேனே, நரம்புக் கணக்கில் நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேன்.

தண்ணீர் குடித்தால் அடங்காது, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தயிர், பால் உதவும். இதையும் அன்று தெரிந்துவைத்திருந்தால் இரண்டு பாட்டில் தண்ணீர் மிச்சம்.

தமிழில் ‘காரம்’ ரசாயனப் பாடத்தில் அமிலத்துக்கு எதிர்ச்சொல் என்பதையும் அவள்தான் நினைவூட்டினாள். சுண்ணாம்பும் காரம், மிளகாயும் காரம். எங்கள் பக்கம் உறைப்பு என்றும் சொல்வோம், யாழ்ப்பாணத்தவர்கள் உறைப்பு என்றே சொல்வார்கள். மிளகாயே நமக்கு வந்த பொருள், போர்த்துக்கீசியர் வழியாக. மிளகு மாதிரி உறைக்கிற காய், மிளகாய். புதுப் பொருளுக்குப் பழைய பெயரிலிருந்தே பேர் வைத்து, பழைய ருசியையே அதற்கும் சொல்லிவிட்டார்கள். நெருப்பை இதில் கூப்பிடவில்லை. ‘வாய் எரியுது’ என்று சாப்பிட்டவன்தான் சொல்வான், சமைத்தவள் சொல்ல மாட்டாள்.

29 மார்ச், புனித வெள்ளி

காலையிலிருந்து கோவிலில். இங்கே ஈஸ்டர் விடுமுறையில்தான் பல அம்மன் கோவில்களில் தீமிதி. தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்த காலத்தில் எல்லோருக்கும் சேர்ந்து லீவு கிடைத்த நாள், அப்படியே நிலைத்துவிட்டது.

குழிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு நிற்பது என் வேலை. விறகு எரிந்து அடங்கி, நீண்ட கம்பால் தட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். வெயிலில் தணலின் சிவப்பு தெரியவில்லை, சாம்பல்தான் தெரிந்தது. காற்று ஒரு வீசு வீசினால் சாம்பல் நகர்ந்து அடியில் அந்தப் பக்கியின் கழுத்து. இரண்டடி தள்ளி நின்ற எனக்கு முழங்கால் முடி கருகிவிடும் போல இருந்தது.

பக்கத்தில் ஒரு பத்திரிகைக்காரப் பெண் ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன் (தப்புதான்). இரண்டு வரியில் மூன்று ‘ஃபயரி’. குழி ‘ஃபயரி’, பக்தி ‘ஃபயரி’, சூரியனும் ‘ஃபயரி’. தமிழில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று என்னிடமே கேட்டார். எங்கள் ஊரில் இதைப் பூக்குழி என்போம் என்றேன். இறங்குகிறவர்களும் பூ இறங்குகிறோம் என்பார்கள். ‘பூவா?’ என்றார். எழுதிக்கொண்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.

இறங்கியவர்களில் என் வகுப்புப் பெண்ணின் பாட்டியும் இருந்தார். நெருப்பு மாதிரி என்றாளே, அவர்தான். குழியைத் தாண்டி வந்து பால் நிரப்பிய பள்ளத்தில் கால் வைத்ததும், குடத்தைத் தள்ளி வைக்காமல் வழியில் நிற்கிறாய் என்று என்னைச் சத்தம் போட்டார்.

11 ஏப்ரல்

எல்லோரும் லேபிள் என்னவாயிற்று என்று கேட்கிறீர்கள். தம்பியோடும் மாமாவோடும் போனில் பேசினேன். மாமா நான் சொன்ன கொள்ளிவாயைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, ‘அது சாப்பிடுகிற பொருள்’ என்றார். அனல் மசாலா, தணல் மசாலா எல்லாம் அடுப்புக் கம்பெனி மாதிரி இருக்கிறதாம். கடைசியில் முதல் நாள் ராத்திரி ஒன்பது நாற்பதுக்கு நான் சொன்னதற்கே வந்து நின்றோம். மேல் வரியில் பெரிதாகக் ‘காரம்’, கீழ் வரியில் சின்னதாக ‘மசாலா’. எழுதி, எழுத்துரு பார்த்து, கோப்பை அனுப்பிவிட்டேன்.

20 ஏப்ரல்

அச்சாகிவிட்டது. ஐந்நூறு ஜாடி. அச்சகத்தில் எழுத்துரு உடைந்து துணைக்கால் விழுந்துவிட்டது. ‘கரம் மசாலா’.

மாமா கவலைப்படவில்லை, யார் தமிழ் படிக்கப்போகிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்றார். இந்தியில் கரம் என்றாலும் சூடுதானே என்று நானும் சமாதானம் சொன்னேன்.

21 ஏப்ரல்

ஆயா படித்திருக்கிறார். ஜாடியில் தமிழ் இருக்கிறதே என்று ஆசையாக வாங்கி, ஆங்கிலத்தைப் பார்க்காமல், கரம் மசாலாதானே என்று பிரியாணியை இறக்கும்போது இரண்டு கரண்டி தூவிவிட்டார். வீட்டில் ஒன்பது பேர். தயிர் தீர்ந்துபோய் என் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

கொடுத்தனுப்பிவிட்டேன். தம்பி, மிச்ச ஜாடிகளில் துணைக்காலைப் பேனாவால் போட்டுவிடலாம், சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறேன்.